மதுரையில் ரயில் மாறும் நேரம்

வழியில் ரயில் மாற வேண்டிய பிரயாணிகளில் இரண்டு ரகத்தினர் உண்டு. அடுத்த வண்டிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது என்று கேட்டதுமே தலையில் கை வைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சுகளின் மேல் உட்கார்ந்து, கடிகாரத்தோடு சண்டை பிடிப்பவர்கள் ஒரு ரகம். "ஆஹா! முழுதாக நான்கு மணி நேரமா?" என்று சந்தோஷப்பட்டு, சாமான்களை ஸ்டேஷன் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு வெளியே கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரை இரண்டாவது ரகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு மதுரையைவிடத் தகுந்த ஊர் கிடையாது. வடக்கே திண்டுக்கல், தெற்கே விருதுநகர், கிழக்கே மானாமதுரை வழியாக ராமேசுவரம், மேற்கே போடிநாயக்கனூர் என்று நாலு திசைகளிலும் இங்கிருந்து ரயில் பாதைகள் பிரிகின்றன. ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டுக் கன்னியாகுமரிக்கோ பழனிக்கோ போகிற யாத்திரிகர்கள் பலர் இங்கேதான் வண்டி மாறுகிறார்கள். கடல் கடந்து ஆகாய விமானத்தில் வந்திறங்கி ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் இக்காலத்தில் உண்டு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே தென்படுவது மங்கம்மாள் சத்திரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ரயில் என்ற வஸ்துவை உலகம் கனவிலும் காணாத காலத்தில், வழிப்போக்கர்களுக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த ராணியின் சத்திரம் ரயிலடிக்கு எதிரிலேயே அமைந்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

நாம் நிற்கும் இடம் மேல வெளி வீதி. 'வெளி' என்பதற்குக் கோட்டைக்கு வெளி என்று பொருள் கொள்ளலாம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து ஊரை விரிவாக்கினார். உள்ளே போகப் போக மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று தமிழ் மாதங்களின் பெயரால் வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்து, நடுவில் மீனாக்ஷியம்மன் கோயிலைக் கொண்டிருக்கின்றன. டவுன் ஹால் ரோடு வழியே கிழக்கு நோக்கி நடந்தால் இருபது நிமிஷத்திற்குள் மேலக் கோபுரத்தை அடைந்துவிடலாம்.

ஆனால் அவசரம் வேண்டாம். வழியில் மேல மாசி வீதி குறுக்கிடுகிறது. அந்த வீதியில் 251-ஏ என்ற இலக்கமுள்ள வீட்டை விசாரித்துக்கொண்டு போங்கள். வெளிப் பார்வைக்கு அது ஒரு கதர்க் கடை. அதன் மாடியில்தான் 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் காந்தி மகான் தங்கினார். அவரும் நம்மைப்போல் ரயிலில் வந்து இறங்கியவர்தான். தங்கியது ஒரே ஓர் இரவு.

சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், ரயிலில் அந்நியத் துணி உடுத்தியிருந்த ஜனங்களிடம் கதர் கட்டும்படி அவர் சொன்னார். கதர் வாங்கத் தங்களிடம் பணமில்லை என்றார்கள் அவர்கள். அந்தப் பதிலில் இருந்த உண்மை அவரைச் சுட்டது. தாம் குல்லாயும் சட்டையும் முழு வேஷ்டியும் தரித்துக்கொண்டு, நாலு முழத் துணிக்கும் வழியில்லாதவர்களுக்கு உபதேசம் செய்வதா என்று சிந்தித்தார். 22-ந் தேதி காலை அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது அவர் இடையில் முழங்காலளவுத் துண்டு மட்டுமே இருந்தது. அக்டோபர் 31-ந் தேதி வரையிலாவது இப்படி இருப்பது என்று தீர்மானித்து மேற்கொண்ட கோலம், ஆயுள் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. 1931-ல் லண்டனில் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள்ளும் அதே கோலத்துடன்தான் அவர் சென்றார். மதுரையில் ஓர் இரவு தங்கியதன் பலன் இவ்வளவு தூரம் போயிற்று!

இனிக் கோயிலுக்குப் போகலாம். மத்தியான்னம் பன்னிரண்டரை மணி சுமாருக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்று உட்காருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தைப் பாருங்கள். தூண்களை எண்ணிப் பார்த்தால் 985-தான் தேறும் என்கிறார்கள். பதினைந்து தூண்களுக்காக யாரும் சிற்பிகளோடு வழக்காடியதாகத் தெரியவில்லை.

இந்தக் கோயிலின் வாசலும் எல்லாருக்கும் எப்போதும் திறந்திருந்ததல்ல. 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதிதான், மதுரை வைத்தியநாதய்யர், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த வகுப்பினரை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னாளில் மந்திரியான கக்கனும் அன்று உடன் சென்றவர்களில் ஒருவர். 1946-ல் மதுரைக்கு வந்த மகாத்மா இக்கோயிலுக்குள் சென்று தரிசனம் செய்தார். இன்று வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதற்கு ஒரு காலத்தில் எவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டது என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நடை சாத்தியிருக்கும் வேளையில் வந்து சேர்ந்தவர்களுக்கும் போக இடம் உண்டு. திருமலை நாயக்கர் மஹால் கோயிலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான் என்றாலும், அந்தத் தூண்களின் பருமனைக் கண்டால் நம்முடைய உருவம் நமக்கே சிறுத்துவிடும். தாகத்திற்கு விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா கிடைக்கும். இரவு வண்டிக்காரர்களுக்கும் கவலையில்லை. இது தூங்கா நகரம். ஆவி பறக்கும் இட்லி இருக்கவே இருக்கிறது.

ஆனால் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் ஆட்டோ பிடித்து, வைகையைத் தாண்டித் தமுக்கத்துக்குப் போங்கள். ராணி மங்கம்மாளின் மாளிகையாக இருந்த கட்டிடம் இப்போது காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1959-ல் ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தார். 1948 ஜனவரி 30-ந் தேதி மகாத்மா அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேல மாசி வீதியில் மேற்கொண்ட விரதத்தின் முடிவைத் தமுக்கத்தில் காண்கிறோம். இரண்டுக்கும் இடையே சில மைல்களும் இருபத்தாறு வருஷங்களும்தான். குழந்தைகளை அழைத்துச் சென்றால், இரண்டு இடங்களையும் இதே வரிசையில் காட்டுங்கள். அதிகம் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.

பிறகு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, வண்டிக்கு அரை மணி முன்னதாக ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள். பெட்டியில் ஏறியதும் ஜன்னல் ஓரத்தைத் தேடுவதற்கு முன்னால், உடன் பிரயாணம் செய்கிறவர்களைச் சற்று ஏறிட்டுப் பாருங்கள். மகாத்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான்.