சங்கரன்கோவில் குளத்து ஜிலேபி... புன்னக்காயலில் கொடுவா!

சங்கரன்கோவில் என்றதும் நினைவுக்கு வருவது ஆடித்தபசும், கோயிலில் தரும் புற்றுமண்ணும்தான். சாப்பாட்டுப் பிரியர்கள் பிரியாணியைச் சொல்வார்கள். தூண்டில் யாருக்கும் ஞாபகம் வராது. எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டர் பயணம் இருக்கிறதே! கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி. அல்லது திருநெல்வேலி வழியாக, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல். இந்த ஊரில் 'சங்கரா' என்றால் ஒன்று சாமி, இன்னொன்று மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் சிவப்பு மீன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கடலுக்குக் கிளம்ப ஆசைப்படுகிறவர்கள் உள்ளூர்களிலும் உண்டு. அவர்களுக்குப் பெரிய தலைவலி, இரை. கழிமுகத்தில் திரியும் கொடுவா செத்த இரையைவிடத் துள்ளுகிற இரையைத்தான் பாய்ந்து பிடிக்கும். கரையில் உயிர் இறால் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஊரிலிருந்தே எடுத்துப் போகலாம் என்றால், குளத்துக் கெண்டையும் மண்புழுவும் கடல் தண்ணீரில் தாக்குப்பிடிக்காது. உப்பு அவற்றின் உடம்பிலுள்ள நீரை உறிஞ்சிவிடும்.

இதற்கு விதிவிலக்காக ஒரு மீன் இருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்துக் குளங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஜிலேபிக் கெண்டை! ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஜிலேபி இல்லாத குளம் இல்லை. நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதாக இதன்மேல் புகாரும் உண்டு. அது நியாயமான புகார்தான். ஆனால், உடம்பில் சேரும் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும் திறமை இதற்கு இருக்கிறது. பழக்கினால் கடல் தண்ணீரிலும் வாழும். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். அந்த வேலை நடக்க வேண்டிய இடம் வீடு.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் குளங்கள் பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்கும். அப்போது விரல் நீள ஜிலேபியைக் கொசுவலைத் துணியிலேயே அள்ளலாம். குளத்து மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆவுடைப்பொய்கைத் தெப்பம் பக்கம் கண் போகவே கூடாது. அது கோயில் சொத்து!

வீட்டில் 20 லிட்டர் வாளி ஒன்று போதும். ஆசைக்கு நாற்பது மீனைப் போட்டால் விடிவதற்குள் பாதி மிதக்கும். பத்துக்கு மேல் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளை அரித்துவிடும் என்பதால், ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே மீனை விட வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கலாம். அதையும் இரண்டு வாளிக்கு இடையே நான்கைந்து முறை ஆற்றி ஊற்றினால் சரியாகிவிடும், டீக்கடையில் ஆற்றுவதுபோல.

அடுத்தது உப்பு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரே நாளில் அந்த அளவுக்குப் போனால் ஜிலேபியும் செத்துவிடும். அயோடின் சேர்க்காத கல்லுப்பை நாளுக்கு 100 கிராம் கரைத்து ஊற்ற வேண்டும். மூன்று நாளில் லிட்டருக்கு 15 கிராம் ஆகிவிடும். கிட்டத்தட்டக் கழிமுகத்துத் தண்ணீர். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து லாரியில் ஊருக்கு வந்த உப்பு, மீனைத் தூத்துக்குடிப் பக்கம் போகப் பழக்குகிறது!

நான்காம் நாள் தீனி கிடையாது. இரக்கம் பார்க்கக் கூடாது. தின்ற மீன் கழியும். அந்தக் கழிவில் வரும் அம்மோனியாதான் மூடிய வாளிக்குள் மீனைக் கொல்லும். கிளம்புவதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பு கலந்த புதுத் தண்ணீரை ஊற்றலாம்.

பயணத்தில் எதிரி வெயில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடேறினால் மீன் மூச்சுவாங்குவதோ அதிகமாகும். இந்த விஷயத்தில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கேரளா வரை போகிற பூ வாடாமல் இருக்க ஈரத்தையும் நிழலையும் விடியற்காலையையும்தான் அங்கே நம்புகிறார்கள். வாளியைச் சுற்றி நனைத்த சாக்கு, மேலே துளையிட்ட மூடி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். ஐஸை நேராகப் போடக் கூடாது. பாட்டிலில் உறையவைத்து மிதக்கவிட்டால் போதும். அதுவும் ஒரே ஒரு பாட்டில். ஜிலேபி குளிர் தாங்காது.

இரைக்காக இத்தனை பாடா என்று சிரிப்பவர்கள் மினிக்காய் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே சூரை பிடிக்கிறவர்கள் முதலில் கடற்கழியில் சின்ன மீன்களைப் பிடித்து உயிரோடு காப்பாற்றுவார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிறபடி படகிலேயே அதற்கென ஓர் அறை இருக்கும். ஜப்பானில் உயிர் இறாலைத் தண்ணீரே இல்லாமல், குளிர்ந்த மரத்தூளில் புதைத்து அனுப்புவார்கள். செவுள் ஈரமாக இருந்தால் அது பல மணி நேரம் தாங்கும். புன்னக்காயலில் உயிர் இறால் வாங்கினால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலே போதும் என்பதும் இதே கணக்குதான்.

திருநெல்வேலியைத் தாண்டி ஆற்றோடு கிழக்கே இறங்கினால் வழியில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இப்போது கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. புன்னக்காயலில் அலையாத்தி மரங்கள், படகுகள், சேறும் உப்பும் கலந்த காற்று. கரையோரம் நின்று வீசலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் மட்டும் போகக் கூடாது. அது 1986 முதல் தேசியப் பூங்கா.

வந்ததும் மீனைத் தூண்டிலில் கோத்துவிடக் கூடாது. கழிமுகத்துத் தண்ணீரை ஒவ்வொரு குவளையாக அரை மணி நேரம் வாளியில் கலந்த பிறகே எடுக்க வேண்டும். கையை நனைத்துவிட்டுத் தொட வேண்டும். காய்ந்த கை வழவழப்பை உரித்துவிடும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, எலும்பில் படாமல் முள்ளை ஏற்றினால் மீன் நெடுநேரம் நீந்தும். வெள்ளம் ஏறும் நேரத்தில் கொடுவா வருமா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

மிஞ்சிய ஜிலேபியைப் பாவம் பார்த்துக் கழிமுகத்தில் விட்டுவிடக் கூடாது. குளங்களில் செய்த வேலையை அங்கேயும் செய்துவிடும். மூடியை இறுக்கி வாளியோடு சங்கரன்கோவிலுக்கே கொண்டுவந்துவிடலாம். கொஞ்சம் தவிடு போட்டு, மூன்று நாளைக்கொரு முறை தண்ணீர் மாற்றினால் அடுத்த ஞாயிறு வரை இருக்கும்.