கண்ணில் ஏறும் தைராய்டு

மார்ச் 3

தைராய்டு கண்நோய் பெரும்பாலும் முதலில் இமையில்தான் தெரியும். இயல்பான கண்ணில் மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். அது மேலேறிக் கருவிழிக்கு மேலே வெள்ளைக் கீற்று தெரியத் தொடங்கினால், ஆள் சும்மா இருக்கும்போதே “ஏன் முறைக்கிறே?” என்று வீட்டில் கேட்பார்கள். கீழே பார்க்கையில் மேலிமை விழியோடு இறங்காமல் பின்தங்குவதும் உண்டு. இதை 1864இல் பெர்லின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே எடுத்துச் சொன்னார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

மார்ச் 4

மாற்றம் மெல்ல வருவதால் தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கே அது பிடிபடுவதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் பழைய போட்டோ கேட்கிறார்கள். கல்யாண ஆல்பமோ ஓட்டுநர் உரிமப் படமோ போதும். ஒரு கண்ணின் இமை மட்டும் ஏறியிருந்தால், நன்றாக இருக்கும் மறுகண்ணின் இமைதான் தொங்குகிறது என்று தவறாக எண்ணுவதுண்டு. பெரியவர்களுக்கு ஒரு கண் மட்டும் பிதுங்கினாலும் அதற்கு மிகப் பொதுவான காரணம் இந்நோயே.

மார்ச் 7

காலையில் எழுந்ததும் இமை வீங்கியிருக்கும். படுத்திருக்கும்போது நீர் அங்கே தேங்குவதால் அப்படி. பொழுது ஏற ஏற வடியும். மணல் விழுந்த உறுத்தல், கண்ணீர் வழிதல், வெளிச்சத்தில் கூச்சம், சிவப்பு ஆகியவையும் சேரும். இங்குதான் பிழை நேர்கிறது. சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டி, கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றி, மாதங்களை இழப்பவர்கள் பலர். மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், பக்கத்திலிருப்பவருக்கும் ஒட்டும், ஓரிரு வாரத்தில் ஆறும். பீளையில்லாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் சிவப்புக்குத் தைராய்டு பரிசோதனை அவசியம்.

மார்ச் 8

டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், மெர்சபர்க்கில் கார்ல் ஃபான் பாசிடோ 1840இலும் கழுத்து வீக்கம், படபடப்பு, பிதுங்கிய கண் ஆகியவற்றை ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்நோயில் தைராய்டைத் தூண்டும் அதே எதிர்ப்பொருள்கள் கண்ணுக்குப் பின்னாலுள்ள திசுவையும் தூண்டுகின்றன. கொழுப்பு பெருகும், தசை தடிக்கும். எலும்புக்குழி விரியாது, விழி முன்னே வருவது தவிர வேறு வழியில்லை. சிலருக்குச் சுரப்பியின் கோளாறு வெளிப்படுவதற்கு முன்பே கண் மாறிவிடும். ஆகவே ஹார்மோன் அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து இந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மார்ச் 12

அடுத்து இரட்டைப் பார்வை. விழியின் அடித்தசை முதலில் இறுகுவது வழக்கம் என்பதால் மேலே பார்ப்பது கடினமாகும், வலிக்கும். மோவாயைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் தன்னையறியாமல் வரும். அழற்சி ஓங்கியிருக்கும் இக்காலம் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை நீளும். ஸ்டீராய்டு மருந்து நன்கு பலிப்பது இப்போதுதான். தழும்பாகிவிட்ட தசை அதற்கு இசையாது. பீடியும் சிகரெட்டும் நோயைப் பலமடங்கு முடுக்கும், சிகிச்சையின் பலனையும் குறைக்கும். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் தர எண்ணியிருந்தால், கண் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த அயோடினால் கண்நோய் முற்றக்கூடும்.

மார்ச் 13

தள்ளிப்போடக் கூடாத அடையாளங்கள் இரண்டு. ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரே சிவப்புத் துணியைப் பார்க்கையில் ஒரு கண்ணுக்கு மட்டும் அது வெளிறித் தெரிந்தால், வீங்கிய தசை பார்வை நரம்பை நெரிக்கிறது என்று ஐயப்பட வேண்டும். விழி அதிகம் பிதுங்காதவருக்கும் இது நேரலாம். மற்றொன்று, தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் கருவிழி காய்ந்து, வலியும் மங்கலும் வருவது. இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.