கோணல் நீங்கிய கம்பி

சுருளாக உள்ள கம்பியை அவிழ்ப்பது எளிய செயல் போலத் தோன்றும். அவசரமாக இழுத்துப் பார்த்தவர்களே அதன் அருமையை அறிவர். கம்பி தன்மேல் தானே சுற்றிக்கொண்டு கண்ணி விழும். மேலும் இழுத்தால் அக்கண்ணி சுருங்கிக் கூரிய மடிப்பாகிவிடும். மடிப்பு விழ ஒரு நொடி போதும். அதனை நீக்கவோ பொறுமையும் தொழிலறிவும் வேண்டும்.

ஜபல்பூரில் உள்ள மத்தியப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒருநாள் அவ்வாறே நிகழ்ந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, யங் குணகம் காணும் சோதனைக்காகச் சுருளிலிருந்து எஃகுக் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தாள். தந்தையின் பணிமாற்றத்தால் அவ்வாண்டுதான் அப்பள்ளியில் சேர்ந்தவள். புதிய இடத்தில் தன் கை தவறியது என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் கவலை. கம்பியின் நடுவே கண்ணி விழுந்ததும், பிறர் காண்பதற்குள் அதை மறைத்துவிட எண்ணினாள்; குறடால் பற்றி வலிந்து இழுத்தாள். கண்ணி மறைந்தது. ஆனால் அவ்விடத்தில் ஒரு மடிப்பும், குறட்டின் பல் பதிந்த தடங்களும் நின்றுவிட்டன.

ஆய்வக உதவியாளர் அதைக் கண்டார். பணி ஓய்வை நெருங்கிய முதியவர் அவர். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கம்பியைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அதன் நெடுகிலும் நோக்கினார். எங்கெங்கே கோணல், எந்தப் பக்கமாகக் கோணல் என்று அறிந்த பின்னரே பேசினார்.

"கண்ணி விழுந்த கம்பியை இழுக்கக் கூடாது மகளே, அவிழ்க்க வேண்டும்" என்றார்.

கம்பியின் மறுமுனைக்கு அருகில் இன்னொரு கண்ணி அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது. அது எத்திசையில் சுற்றியிருந்ததோ, அதற்கு எதிர்த்திசையில் கம்பியைத் தம் விரல்களால் மெல்லத் திருப்பினார். கண்ணி அகன்று பெரிய வளையமாகியது. வளையம் வெறும் வளைவாகியது. குறட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்து, மடிப்பு விழுந்த இடத்திற்கு வந்தார். குறட்டின் வாயில் தடித்த துணியைச் சுற்றினார். பற்கள் மேலும் பதியாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. மடிப்பின்மேல் அழுத்தி, நேர்நிலையைச் சற்றே கடக்கும்படி வளைத்தார். கையை எடுத்ததும் கம்பி சிறிது பின்வாங்கி நேராக நின்றது. எஃகுக்கு மீட்சிப் பண்பு மிகுதி. சரியாக நேராகும் அளவுக்கு மட்டும் வளைத்தால், கையை விட்டதும் அது பழைய கோணலை நோக்கிச் சிறிது திரும்பிவிடும். எவ்வளவு கடந்து வளைக்க வேண்டும் என்பதைப் பழகிய கையே அறியும்.

"மீண்டும் மீண்டும் வளைத்துச் சரிபார்க்கலாமா, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"ஒடிந்துவிடும்" என்றார் அவர். வளைக்குந்தோறும் உலோகம் அவ்விடத்தில் கடினமாகிறது. கடினமாகக் கடினமாக நொறுங்கும் தன்மை மிகுகிறது. வெட்டும் கருவி இல்லாதவர் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே ஒடித்துவிடுவது அதனால்தான். ஆகவே நேராக்குபவர் குறைந்த அசைவுகளில் செயலை முடிக்க வேண்டும்.

எஞ்சிய சிறு வளைவுகளுக்கு வேறு முறை. கம்பியின் ஒரு முனையை மேசை ஓரத்து வைஸில் இறுக்கினார். மறுமுனையைக் குறடால் பற்றினார். கம்பி அறுந்தால் முகத்தில் தெறிக்கும் என்று கூறி, இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணியச் செய்தார்; மாணவியைப் பக்கவாட்டில் விலகி நிற்கச் சொன்னார். பின்பு வெடுக்கென்று இழுக்காமல், சீராக வலுவைக் கூட்டி இழுத்தார். மீட்சி எல்லையைச் சற்றே தாண்டியதும் கம்பி சிறிது நெகிழ்வது அவர் கைக்குத் தெரிந்தது, அங்கே நிறுத்தினார். கம்பி கோல்போல் நேராயிற்று.

எல்லாக் கம்பிகளுக்கும் இதே முறை பொருந்தாது. குட்டையான துண்டுகளைச் சமமான பலகைமேல் வைத்து, மற்றொரு பலகையால் அழுத்தி உருட்டினால் நேராகும். தடித்த கம்பியை மரக்கட்டையின்மேல் கிடத்தி மரச்சுத்தியலால் தட்டலாம். இரும்புச் சுத்தியல் கம்பியை நசுக்கிவிடும். பலகையில் ஆணிகளை இரு வரிசையாக மாற்றி மாற்றி அடித்து, அவற்றினிடையே கம்பியை நெளிந்து செல்லுமாறு இழுப்பதும் உண்டு. ஒவ்வோர் ஆணியும் முந்தையதைவிடக் குறைவாக வளைத்தால், இறுதியில் வெளிவரும் கம்பி நேராக இருக்கும். தொழிற்சாலைகளில் ஆணிகளுக்கு மாற்றாக உருளைகள் வரிசையாக நின்று இதே வேலையைச் செய்கின்றன. பலமுறை வளைந்து கடினமான செப்புக் கம்பியை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால், அது மீண்டும் மென்மையாகும்; பின்னர் எளிதில் நேராக்கலாம்.

மாணவியின் முகம் தெளிந்தது. "இனி இதையே சோதனையில் தொங்கவிடலாம் அல்லவா?" என்றாள்.

அவர் விடை கூறவில்லை. திருகு அளவியை எடுத்து நீட்டினார். அவள் கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்தாள். மற்ற இடங்களில் எல்லாம் 0.50 மில்லிமீட்டர். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு திசையில் 0.50, மறு திசையில் 0.47. கண்ணுக்கு நேராகத் தெரிந்த கம்பி, அளவிக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

அவள் தாளில் கணக்கிட்டுப் பார்த்தாள். 2 மீட்டர் நீளமும் 0.5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுக் கம்பியில் 1 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே நீளும். கம்பியில் கோணல் எஞ்சியிருந்தால், எடை ஏற ஏற அக்கோணல் நிமிர்வதும் நீட்சியாகவே பதிவாகும். நீட்சி மிகையாகத் தெரிந்தால் யங் குணகம் உண்மை மதிப்பைவிடக் குறைந்துவிடும். மேலும், மீட்சி எல்லையைத் தாண்டி ஒருமுறை இழுக்கப்பட்ட கம்பி இது. தன் தவறு பிறர் கண்ணுக்கு மறைந்திருந்தாலும், குறிப்பேட்டின் ஒவ்வோர் எண்ணிலும் அது ஒளிந்திருந்திருக்கும் என்பதை அவள் உணர்ந்தாள்.

ஆசிரியரிடம் தானே சென்று, நடந்ததைக் கூறினாள். வேறு கம்பி எடுத்துக்கொள்ளுமாறு அவர் பணித்தார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை அவள் சுருளைத் தரையில் வைத்து இழுக்கவில்லை. முதியவர் காட்டியபடி, சுருளைச் சக்கரம்போல் உருட்டிக்கொண்டே கம்பியை விட்டாள். ஒரு கண்ணிகூட விழவில்லை.

பழைய கம்பியும் குப்பைக்குப் போகவில்லை. ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணையைத் தொங்கவிட அதைக் கட்டினார்கள். அந்தப் பணிக்கு அது முற்றிலும் பொருந்தியது. அருகே சென்று பார்ப்பவர்க்கு மட்டும், நடுவில் ஒரு சிறு தடம் தெரியும். ஆண்டு முழுதும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே சோதனைகளைச் செய்தாள்.