மூடியில்லா டேங்கும் மருந்து ஊரும்

சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் 'ஆபீசுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீசில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் கால் வைக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. சின்னப் பொறி என்ன செய்யும் என்று இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பட்டாசு ஆலைக்கு உரிமம் தருகிற பெசோ என்ற மத்திய அலுவலகம்தான் பெட்ரோல் பங்குக்கும் தருகிறது. 1898இல் தொடங்கிய வெடிபொருள் துறையின் இன்றைய பெயர் அது. தலைமை நாக்பூரில், ஒரு கிளை சிவகாசியில். சர்க்கார் கணக்கில் மருந்தும் பெட்ரோலும் பங்காளிகள். மருந்துக்குக் காட்டும் எச்சரிக்கை பெட்ரோலுக்கும் வேண்டும்.

சாத்தூர், கோவில்பட்டி வழியாக நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரிக்குப் பறக்கிற டூரிங் பைக்காரர்களில் சிலருக்கு இப்போது ஒரு புது ஆசை: டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு, மூடியே இல்லாத வாயைப் பொருத்துவது. ஆசையில் நியாயம் உண்டு. பங்குக்குப் பங்கு டேங்க் பையை அகற்றி, கையுறையைக் கழற்றி, சாவியை உருவித் திறந்து மூடுவது எரிச்சல்தான். மூடியில்லா வாயில் ஸ்பிரிங் வைத்த கதவு இருக்கும். நாசில் தள்ளினால் திறக்கும், எடுத்தால் தானே அடைத்துக்கொள்ளும். ஃபோர்டு நிறுவனம் 2008 மாடலிலிருந்து தன் கார்களில் இதைக் கொண்டுவந்தது.

ஆனால் காரின் வாய் பக்கவாட்டில், மேலே இன்னொரு கதவோடு இருக்கிறது. பைக்கின் வாயோ வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. ஐப்பசி அடைமழை நேராக அதன்மேல்தான் கொட்டும். கம்பெனி மூடியைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு சிறு துளை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேங்கும் மழைநீர் அதன் வழியாக ரப்பர் குழாயில் இறங்கித் தரைக்குப் போகும். வெளியில் வாங்கிய வளையம் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் டேங்குக்குள் வழி தேடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதைக் குடித்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அப்புறம் வண்டி முக்கும், திணறும், நிற்கும்.

இன்னொன்று மூச்சு. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் வெற்றிடம் உண்டாகி ஓட்டத்திலேயே எஞ்சின் அணையும். பிஎஸ்6 வண்டிகளில் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய டப்பாவும் உண்டு. புது வாய் சரியாக இறுகாவிட்டால் அந்த ஏற்பாடே வீண். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. சூடான எஞ்சினை நோக்கி இறங்கும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 15 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 300 மில்லி பெருகும். கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் விளிம்புவரை நிரப்பி நிறுத்திய வண்டியில் அந்த 300 மில்லி எங்கே போகும்? நல்ல மூடியைக்கூட அது சோதித்துப் பார்க்கும். ஸ்பிரிங் கதவை நம்பி நிரப்புகிறவர் ஓரங்குல இடமாவது விட வேண்டும்.

நம் பங்க் பழக்கமும் இதற்கு ஒத்துவராது. இங்கே பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவர் நாசிலை வாயருகே பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தபடி போடுவார். மூடியில்லா வாயில் நாசிலை முழுக்க நுழைக்க வேண்டும். உள்ளே எதுவும் தெரியாது. வழியில் பெட்ரோல் தீர்ந்து கேனில் வாங்கிவந்தால், கதவைத் திறக்க அதற்கென்றே ஒரு புனல் தேவை. அதை வீட்டில் விட்டுவந்தவர் பாடு திண்டாட்டம்.

பொருத்தியே தீருவேன் என்பவர்கள் மூன்றைப் பார்த்துக்கொள்ளட்டும்: வடிகால் துளை பொருந்துகிறதா, மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, ரப்பர் வளையம் எத்தனாலைத் தாங்குமா. டேங்கில் பெட்ரோலை வைத்துக்கொண்டு அதன் வாயில் டிரில் ஓட்டவே வேண்டாம். மற்றவர்களுக்குக் கம்பெனி மூடியே போதும். அதன் ரப்பர் வாஷரை மட்டும் காலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.