தேய்ந்த எழுத்துக்கு ஒரு புள்ளி

வாசிக்க: லூக்கா 1:1–4, 8:1–3



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் என்னிடம் வந்து, தமது கள ஆய்வுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். நம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களைக் குறித்து அவர் ஆராய்ந்து வருகிறார். ஜெபித்து முடித்தபின், சுருட்டி வைத்திருந்த தாள் ஒன்றை விரித்துக் காட்டினார். கருமைக்கு நடுவே வெண்மையாக வட்டெழுத்துகள் தெரிந்தன. பக்கத்தில் குறிப்பேடு, அதில் அதே வரிகளை இக்கால எழுத்தில் பெயர்த்து எழுதியிருந்தார். இடையிடையே எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

"இவை என்ன, அம்மா?" என்று கேட்டேன்.

"அங்கே கல் தேய்ந்திருக்கிறது, ஐயா. படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைப்போம். நாமாக நிரப்பிவிடக் கூடாது" என்றார்.

அந்த மறுமொழி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர் உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

நடுகற்களைப் பார்க்காதவர் நம்மில் எவருமில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அவை நிற்கின்றன. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்டவர்களுக்கும், புலியோடு போராடி இறந்தவர்களுக்கும் ஊரார் நட்ட கற்கள் அவை. பல இடங்களில் மக்கள் அவற்றை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். நெடுங்காலம் அவற்றில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலே நாம் கடந்து போனோம். தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இரா. நாகசாமி அவர்களின் தலைமையில் ஊர் ஊராய்ச் சென்று அவற்றைத் தேடிப் படித்தார்கள். 1972இல் 'செங்கம் நடுகற்கள்', 1975இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' ஆகிய தொகுதிகள் வெளிவந்தன. நம் தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் இக்கற்கள் பல காப்பாற்றி வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

படியெடுக்கும் விதத்தை அந்த மாணவி பொறுமையாக விளக்கினார். முதலில் ஊராரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர்களுக்கு அது வழிபாட்டுக்குரிய கல். பின்பு மண்ணையும் பாசியையும் நீரூற்றித் தூரிகையால் மெல்லக் கழுவ வேண்டும். நனைத்த தாளைக் கல்லின்மேல் பரப்பி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். அது சற்று உலர்ந்ததும் மை தோய்ந்த பொதியால் ஒற்ற வேண்டும். மேடான இடம் கருமையாகும். வெட்டப்பட்ட எழுத்து வெண்மையாய் நிற்கும். அவசரப்பட்டால் தாள் கிழியும். மை மிகுந்தால் எழுத்து மறையும். ஒரு கல்லுக்காகச் சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் செலவாகுமாம்.

இத்தனை பாடும் யாருக்காக? பெரும்பாலும் மன்னர்களுக்காக அல்ல. மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தைக் குறிக்கவே வருகின்றன. கல் நடப்பட்டது ஊரைக் காத்த ஒரு சாதாரண மனிதனுக்காக. செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் அருகிலேயே காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நாம் இன்று அறிந்திருக்கிறோம் என்றால், அதை ஒருவர் கல்லில் வெட்டினார், இன்னொருவர் குனிந்து அமர்ந்து எழுத்தெழுத்தாய்ப் படித்தார் என்பதே காரணம்.

பிரியமானவர்களே, இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், பட்டத்துக்கான ஆய்வேடு ஒன்று எழுத வேண்டியிருந்தது. அரூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ச் சபையின் தொடக்க வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இரண்டே நாட்கள் அங்கே தங்கினேன். சபையின் மூப்பர் ஒருவர், தம் தகப்பனார் நிலம் கொடுத்ததாலேயே சபை உண்டாயிற்று என்று கோவையாகச் சொன்னார்; அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆலயத்தின் அடிக்கல்லில் ஆண்டின் கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது. அது ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஏழு என்று எழுதினேன். ஐயம் உண்டு என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

புறப்படும் நாளில், திண்ணையில் அமர்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேசினேன். நான் ஆண்டைக் கேட்டேன். அவர் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னார். கட்டடத்தைக் கேட்டேன், அவர் தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். பேருந்துக்கு நேரமாயிற்று. குறிப்பேட்டை மூடிவிட்டு, "போய் வருகிறேன், பாட்டி" என்று எழுந்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழிந்தன. அந்தச் சபையார் என் ஆய்வேட்டை நம்பி ஆண்டுவிழா கொண்டாடினார்கள், மலரும் அச்சிட்டார்கள். அதன்பின் வேறொரு சபையின் அலமாரியில் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. நான் எழுதிய ஆண்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே அவ்வூரில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. முதல் பதிவு ஒரு பெண்ணுடையது. நடந்த இடம்: அவருடைய வீட்டுத் திண்ணை.

என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பாட்டியைப் பார்த்த நாளின் பக்கத்தில் மூன்றே சொற்கள் இருந்தன: 'அம்மா, திண்ணை, கூழ்'. அதற்குக் கீழே வெற்றிடம். பதிவேட்டிலிருந்த பெண் அந்தப் பாட்டியின் தாயார்தானா? அப்படி இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் மறுபடியும் அவ்வூருக்குப் போனபோது பாட்டி மண்ணுக்குள் போயிருந்தார். கல் தேய்ந்த இடத்தில் நான் இல்லாத எழுத்தை எழுதினேன். எழுத்து தெளிவாய் இருந்த இடத்திலோ படிக்காமல் எழுந்து வந்தேன்.

இந்த வெட்கத்தோடுதான் இப்பொழுது லூக்காவின் முதல் நான்கு வசனங்களை வாசிக்கிறேன். தமக்குமுன் பலர் எழுதியிருந்தும், லூக்கா அதோடு நின்றுவிடவில்லை. கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை மதித்தார், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கருத்தாய் விசாரித்தார், ஒழுங்காக எழுதினார். தேயோப்பிலு தான் கேட்டவற்றின் நிச்சயத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். பரிசுத்த ஆவியானவர் இந்த விசாரிப்பின் உழைப்பைப் புறக்கணிக்கவில்லை. அதையே சுவிசேஷத்தின் வாசலாக வைத்தார். எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவருக்குத் தங்கள் ஆஸ்திகளால் ஊழியஞ்செய்த பெண்களை லூக்கா பெயர் சொல்லி எழுதுகிறார். யோவன்னாள், சூசன்னாள் என்னும் பெயர்கள் மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இல்லை. லூக்காவும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்திருந்தால், அவர்கள் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

சென்ற வாரம் அந்தச் சிற்றூர்ச் சபைக்குச் சென்றேன். ஆராதனை முடிவில் அனுமதி பெற்று எழுந்து நின்று, என் பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பதிவேட்டின் முதல் பெயரையும் வாசித்தேன். அடிக்கல்லின் ஆண்டுக்கு எதிரே, "கடைசி இலக்கம் தெளிவாக இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மூப்பரின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிலம் எங்கள் தாத்தா கொடுத்ததுதான், ஐயா. ஆனால் திண்ணை முந்தியது என்றால் அதுவும் எழுதப்படட்டும்" என்றார். அவருடைய பெருந்தன்மைக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அன்பானவர்களே, பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படி நமக்குக் கட்டளை உண்டு. அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணாதிருங்கள். சாட்சி சொல்லும்போது சற்று மெருகேற்றுவதும், வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரியாமல் அனுப்புவதும், பிரசங்கத்தில் நாங்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் அதற்குள் அடங்கும். தெரியாத இடத்தில் புள்ளி வைக்கத் துணிவு வேண்டும். தெரிந்தவரிடம் அமர்ந்து கேட்கப் பொறுமை வேண்டும். இரண்டுமே பிறனிடத்தில் காட்டும் அன்பின் கிரியைகள்தாம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் அருகில் ஒரு மணி நேரம் அமருங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் குறியுங்கள். அவருக்கு நினைவில்லாததை நீங்கள் நிரப்பாதிருங்கள். இடையில் எழுந்து போகாதிருங்கள்.

ஜெபம்: சத்தியமுள்ள பிதாவே, எங்கள் நாவையும் எழுதுகோலையும் பொய்க்கு விலக்கிக் காத்தருளும். கேட்க மறந்த குரல்களுக்காக எங்களை மன்னியும். மனிதர் எழுதாமல் விட்ட பெயர்களையும் நீர் அறிந்திருக்கிறீர் என்பதில் ஆறுதல் அடைகிறோம். ஆய்வில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த கண்களையும் உண்மையுள்ள இருதயத்தையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.