“எனக்குப் பரவாயில்லை, அம்மா”

மகளின் பள்ளிக்கூடப் பையைத் துப்புரவாக்கும்போது அடியில் ஒரு கசங்கிய தாள் கிடந்தது. வகுப்புப் பிள்ளைகள் பாடும் நிகழ்ச்சிக்குப் பெற்றோரை அழைத்த கடிதம். திகதி, போன வியாழன்.

“ஏன் காட்டேல்லை?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை தம்பிக்கு தெரப்பி தானே. எனக்குப் பரவாயில்லை, அம்மா.”

அவளுக்கு வயது 9. தம்பிக்கு 6. அவனுக்கு ஆட்டிசம், இன்னும் பேசத் தொடங்கவில்லை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கலண்டரில் முக்கால்வாசி அவனுடைய நாட்கள்தான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் மகளை மெச்சுவார்கள்: “எவ்வளவு பொறுப்பான பிள்ளை! ஒரு கரைச்சலும் இல்லை.” நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அப்பா அம்மாவுக்கு வங்கிக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது எனக்கும் இதே பெயர்தான் கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற எத்தனை விஷயங்களைச் சொல்லாமல் விட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

என் வேலை மென்பொருள் எழுதுவது. ஒரு புரோகிராம் எரர் எதுவும் காட்டவில்லை என்பதால் அது சரியாக ஓடுகிறது என்று நாங்கள் நம்புவதில்லை. வீட்டில் மட்டும் நம்பிவிட்டேன்.

அன்றிரவு மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு, பால் வாங்க அவளையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் கேட்டாள்: “அம்மா, நீங்களும் அப்பாவும் செத்துப்போனா தம்பியை நான்தான் பாக்கோணுமா? நான்தான் அவனுக்கு ரெண்டாவது அம்மாவாம். பெரியம்மா சொன்னவ.”

காரை ஓரமாக நிறுத்தினேன். “இல்லை, குஞ்சு. அதுக்கு ஒழுங்கு செய்யிறது எங்கட வேலை. நீ அவனுக்கு அக்கா. அது காணும்.”

“சிலவேளை அவனில சரியான கோவம் வருது.”

“எனக்கும் வாறது.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

அவளுக்குச் சொன்னதை உண்மையாக்க வேண்டியிருந்தது. மாற்றுத்திறன் உள்ளவர்களுக்காகக் கனடாவில் 2008 முதல் இருக்கும் ஆர்.டி.எஸ்.பி. சேமிப்புக் கணக்கை மகனுக்குத் திறந்தோம். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட உயிலை எழுதச் சட்டத்தரணியிடம் போனோம். ‘இரண்டாவது அம்மா’ என்று இனிச் சொல்ல வேண்டாம் என்று பெரியம்மாவிடமும் சொன்னேன்.

இப்படிப்பட்ட சகோதரங்களுக்கென்றே ‘சிப்ஷொப்’ என்ற சந்திப்புகள் இருக்கின்றன. 1982இல் சியாட்டிலில் டொன் மேயர் என்பவர் தொடங்கியது. பாதி விளையாட்டு, பாதி பேச்சு. ஒன்றுக்கு அனுப்பினேன். சிரித்துக்கொண்டு வந்தாள்: “அம்மா, அங்க ஒரு பிள்ளையின்ர தம்பியும் ஹோம்வேர்க்கைக் கிழிச்சவனாம்!”

போன வாரம் டிவி ரிமோட்டுக்காகக் கத்தினாள்: “எப்பவும் தம்பிக்குத்தான்! இது அநியாயம்!”

ரிமோட்டை அவளிடம் கொடுத்தேன். மகன் அரை மணித்தியாலம் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.