முதல் நாள் பட்டியில் பார்டர் கோலி!

இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் 1893-ல் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' அநாவசியமாகக் குரைக்காது; முறைத்தே ஆடுகளை நகர்த்திவிடும். இன்றைய பார்டர் கோலிகளுக்கு அதுதான் முப்பாட்டன். ஆனால், வம்சத்தை மட்டும் நம்பி துறுதுறு நாயை மந்தையில் இறக்கினால் ஆட்டின் தொடை கிழியும். ஆடு மடக்குவது என்பது கடைசிக் கடி மட்டும் இல்லாத வேட்டைதானே!

அதனால், முதல் நாள் சினை ஆடுகள் வேண்டவே வேண்டாம். நாய்க்குப் பழகிய நாலைந்து பெரிய ஆடுகள், சின்னப் பட்டி, நாயின் கழுத்தில் நீளக் கயிறு... அவ்வளவுதான். நாய் நேராகத்தான் பாயும். மேய்ப்பர் குறுக்கே போய்க் கழியை நீட்ட, விலகி வட்டமடிக்கும். ஒரு கட்டத்தில் தானாகவே அவருக்கு எதிர்ப்பக்கம் போய், ஆடுகளை அவரிடமே ஓட்டிவரும். அட, இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்போதே 'தட் வில் டூ' சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாய்தான் வர மறுக்கும், கயிறு அதற்குத்தான்.